குப்பைமேடு பூங்காவாகும்போது: நிலத்தின் பழைய கணக்கு



நினைவுப் பேருரை என்றால் மறைந்தவரின் பெருமைகளை அடுக்குவது வழக்கம். நாம் யார் பெயரால் இந்த ஜவ்வாது மலையடிவாரத்தில் கூடியிருக்கிறோமோ, அவருக்கு அந்த வழக்கம் பிடிக்காது. கவிதையைப் பற்றிய கூட்டமானாலும் பேச்சைக் கடைசியில் நிலத்தில் கொண்டுவந்து நிறுத்துவது அவர் இயல்பு. ஆகவே இன்று நிலத்தைப் பற்றியே பேசுவோம். நிலத்திலும் யாரும் உரிமை கொண்டாட முன்வராத ஒரு வகை நிலம்: குப்பைமேடு. அந்த மேடுகளைக் கரைத்துப் பூங்கா ஆக்கப்போகிறோம் என்ற அறிவிப்புகள் இப்போது அடிக்கடி வருகின்றன. நல்ல செய்திதான். நாற்றம் போய்ப் பச்சை வருவதை வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? ஆனால், அந்த நிலம் எப்படிக் குப்பைமேடு ஆனது என்ற கணக்கைப் பார்க்காமல் பூங்காவின் வரைபடத்தை மட்டும் பார்த்துக் கைதட்ட நம்மால் முடியவில்லை.

நம் பகுதியிலிருந்தே தொடங்குவோம். மேலே ஜமுனாமரத்தூருக்குக் கோடையில் வருகிறவர்கள் விட்டுச்செல்லும் பாட்டிலும் கவரும் ஏரிக்கரையிலும் அருவியிலும் கிடக்கின்றன. அது இன்னும் மேடாகவில்லை. கீழே பாலாற்றுப் பள்ளத்தாக்கில் மேடுகள் எப்போதோ எழுந்துவிட்டன. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்களின் வரிசையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தொழிலின் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பதை வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றமே எழுதியிருக்கிறது. கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் ஊன்றி நின்றது அந்தத் தீர்ப்பில்தான். சட்டக் கல்லூரி மாணவர்கள் அதை மனப்பாடம் செய்கிறார்கள். ராணிப்பேட்டையில் குரோமிய ஆலை மூடப்பட்டு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகின்றன. அது விட்டுச்சென்ற குரோமியக் கழிவோ லட்சக்கணக்கான டன்னாக அங்கேயே குவிந்து கிடந்தது. மழை பெய்தால் மஞ்சள் நீர் ஓடும். 2015 ஜனவரி 31 விடியுமுன் அதே ராணிப்பேட்டையில் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் கசடில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கழிவுக்குப் பக்கத்தில் படுக்கை போட்டுக் கொடுக்கப்படுபவர் யார் என்பதற்கு மொழி வேறுபாடு கிடையாது.

இன்னொரு மேடும் நம்முடையது. மாநில எல்லைக்கு அப்பால் இருந்தாலும் அதை எழுப்பியவர்கள் வடார்க்காட்டிலிருந்து போனவர்கள். கோலார் தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தொடங்கியது முதல் திருப்பத்தூர், குடியாத்தம் பக்கத்துச் சேரிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக ரயிலேறினார்கள். பூமிக்கடியில் மைல் கணக்கில் இறங்கிப் பாறையை உடைத்தார்கள். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் வைத்தார்கள். அயோத்திதாசரின் எழுத்துகளை அச்சிட்டுக் காப்பாற்றியதில் தங்கவயலுக்குப் பெரும் பங்கு உண்டு. உடைத்த பாறையை மாவாக அரைத்துச் சயனைடில் கரைத்துத் தங்கத்தைப் பிரித்தபின் மிஞ்சிய சகதி, காய்ந்து மேடாயிற்று. சயனைடு மேடு என்றே இன்றும் பெயர். பதின்மூன்று மேடுகள், ஆயிரம் ஏக்கருக்கு மேல், மூன்று கோடி டன்னுக்கும் அதிகம். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் போன இடம் வேறு. மேடு மட்டும் லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் நின்றது. காற்றுக் காலத்தில் அந்தத் தூசி சோற்றுத் தட்டில் வந்து உட்காரும். செடி வைத்துத் தூசியை அடக்கச் சில முயற்சிகள் நடந்தன. மேட்டில் இன்னும் தங்கம் மிச்சமிருக்கிறது என்ற கணக்கு வந்ததும், 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை அதை மறுபடி தோண்ட ஒப்புதல் கொடுத்தது. அந்தத் தூசியை இத்தனை காலம் மூச்சாக இழுத்தவர்களின் பங்கு என்ன என்ற கேள்விதான் ஒப்புதலுக்கு முன்பு எழுந்திருக்க வேண்டும்.

எந்த நிலம் பயிருக்கு, எந்த நிலம் குடிக்கு, எந்த நிலம் கழிவுக்கு என்று பிரிப்பது இயற்கையின் வேலை அன்று. வருவாய்த்துறை செய்கிற வேலை அது. நத்தம், மேய்க்கால் புறம்போக்கு, நீர்நிலைப் புறம்போக்கு, தரிசு என்று எழுதும் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஊர் ஒன்று, சேரி ஒன்று இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், பறையர்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, மிராசுதாரர் நினைத்தால் குடிசையைப் பிரித்து எறியலாம் என்பதை எழுதி அனுப்பினார். 1892 செப்டம்பர் 30ஆம் நாள் வந்த 1010ஆம் எண் அரசாணைப்படி தரிசு நிலங்கள் நமக்கு ஒதுக்கப்பட்டன. பஞ்சமி நிலம் என்கிறோம். பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று கணக்கு. அதை மீட்கக் காரணையில் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994 அக்டோபர் 10 அன்று துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். இதை இங்கே நினைவூட்டக் காரணம் உண்டு. நாம் மனைப்பட்டா கேட்டு மனுக் கொடுத்தால் இந்த ஊரில் புறம்போக்கே மிச்சமில்லை என்று பதில் வரும். நகராட்சிக்குக் குப்பை கொட்ட இடம் வேண்டும் என்றால் அதே ஊரில், பெரும்பாலும் சேரியை ஒட்டியே, புறம்போக்கு கிடைத்துவிடும். அடிவாரத்தில் இருக்கும் உங்கள் பேரூராட்சியின் குப்பைக் கிடங்கு எந்தத் தெருவுக்கு அருகில், எந்தச் சுடுகாட்டுப் பாதையில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். எங்கள் பேச்சை நம்ப வேண்டாம். அ-பதிவேட்டை எடுத்துப் பாருங்கள்.

இதன் முழு உருவத்தையும் காண வேண்டுமானால் சென்னைக்குப் போக வேண்டும். மாநகரத்தின் குப்பை நாற்பது ஆண்டுகளாக இரண்டே இடங்களில் விழுந்தது. வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடி. கொடுங்கையூரில் ஏறத்தாழ 250 ஏக்கரில் 66 லட்சம் டன்னுக்கு மேல் பழைய குப்பை. அதைச் சுற்றி வியாசர்பாடி, எம்.கே.பி. நகர், எழில் நகர், ராஜரத்தினம் நகர். பக்கத்திலேயே நகரத்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், அதைத் தாண்டினால் மணலியின் எண்ணெய் ஆலைகள். 1921 ஆலை வேலைநிறுத்தத்தின்போது நம் மக்கள் தாக்கப்பட்ட புளியந்தோப்பும் தொலைவில் இல்லை. அந்த ஆண்டைப் பற்றி எழுதும் தொழிற்சங்க வரலாறுகள் வேலைநிறுத்தத்தை விரிவாகவும் எரிந்த குடிசைகளைச் சுருக்கமாகவும் எழுதும். வடசென்னைக்கு இது பழக்கம். நகரத்துக்கு வேண்டியதெல்லாம் இங்கே உற்பத்தியாகும், வேண்டாததெல்லாம் இங்கே வந்து சேரும்.

தெற்கின் கதை வேறு மாதிரி. பெருங்குடிக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பில். கழுவெளி என்பது அதன் பழைய பெயர். ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த நீர்ப்பரப்பு அது. மழைக்காலத்தில் தென்சென்னையின் வெள்ளத்தைக் குடித்துக்கொண்டது. விளைச்சல் கணக்கில் வராததால் அரசின் கண்ணுக்கு அது வெற்றிடம். 1980களின் இறுதியிலிருந்து அங்கே லாரிகள் வந்தன. 2000ஆம் ஆண்டிலிருந்து, நகரத்தின் நடுவில் கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் இருந்த குடிசைகளை அகற்றி, அங்கிருந்த மக்களைக் கொண்டுவந்து இறக்கிய இடமும் அதே கழுவெளியின் ஓரம்தான்: கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். அங்கே குடியமர்த்தப்பட்டவர்களில் தலித்துகளே மிகுதி. நகரத்தின் குப்பையும் அந்தக் குப்பையை அள்ளியவர்களின் குடும்பங்களும் ஒரே சதுப்புக்கு அனுப்பப்பட்டன என்பதற்கு மேல் சாதி வரைபடம் என்ன வேண்டும்? இதில் ஒரு கொடுமையான வேடிக்கை. கொடுங்கையூர் மேட்டின் அடியில் ஓர் எழில் நகர் இருப்பதுபோல், பெருங்குடிக்கு அருகே துரைப்பாக்கத்துக் குடியிருப்புகளிலும் ஓர் எழில் நகர் இருக்கிறது. பெயர் வைப்பதில் நம் அரசுகள் ஒருநாளும் கஞ்சத்தனம் காட்டியதில்லை.

2022 ஏப்ரல் இறுதியில் பெருங்குடி மேடு தீப்பற்றி நாட்கணக்கில் எரிந்தது. மேட்டுக்குள் மட்கும் குப்பை காற்றில்லாமல் மீத்தேன் வாயுவை உண்டாக்குகிறது. வெயிலில் ஒரு பொறி போதும். அதே ஆண்டு ஜூலையில் பள்ளிக்கரணை ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது, 1247 ஹெக்டேர். ஏப்ரலில் புகை, ஜூலையில் பெருமை, இரண்டும் ஒரே நிலத்துக்கு.

மேட்டைக் கரைக்கும் முறைக்குப் பயோமைனிங் என்று பெயர். மேட்டை வெட்டி வரிசை வரிசையாகப் பரப்பி, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, கிளறிக் கிளறி ஆறவிடுவார்கள். காய்ந்ததும் பெரிய சுழல் சல்லடைகளில் இட்டுப் பிரிப்பார்கள். மண் ஒரு பக்கம், கல்லும் கண்ணாடியும் ஒரு பக்கம், பிளாஸ்டிக்கும் துணியும் ஒரு பக்கம். எரியக்கூடியது சிமெண்டு ஆலைகளுக்குப் போகும். பெருங்குடியில் 350 கோடி ரூபாய் அளவிலும் கொடுங்கையூரில் 640 கோடி ரூபாய் அளவிலும் இந்த வேலைக்கு ஒப்பந்தம். செலவைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தச் சல்லடை வேலையை இத்தனை ஆண்டுகளாக யார் செய்தார்கள்? கையுறை இல்லாமல், இரும்புக் கொக்கி ஒன்றோடு, விடியற்காலையில் மேடேறிப் பாட்டில் தனி, இரும்பு தனி, பால் கவர் தனி என்று பிரித்துக் காயலான் கடைக்குச் சுமந்த பெண்களும் பிள்ளைகளும் செய்தார்கள். அவர்கள் தடுத்திருக்காவிட்டால் மேடு இன்னும் உயர்ந்திருக்கும். எந்திரம் வந்தபோது வேலி போடப்பட்டது. நேற்றுவரை நகரத்துக்குச் சம்பளமில்லாமல் உழைத்தவர், வேலி போட்ட மறுநாள் அத்துமீறி நுழைபவர் ஆனார்.

பெருங்குடியில் மீட்ட நிலத்தில் சுற்றுச்சூழல் பூங்கா அமைக்கலாம் என்று மாநகராட்சி திட்டமிட்டது. நடைபாதை, மரங்கள், உட்காரும் இடங்கள். சதுப்பு நிலத்தில் பூங்கா எதற்கு, சதுப்பைச் சதுப்பாகவே திரும்ப விடுங்கள் என்று சூழலியலாளர்கள் எதிர்த்தார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் கேள்வி எழுப்பியது. இந்த விவாதத்தில் நாம் எங்கே நிற்கிறோம்? கழுவெளியைத் திரும்ப நீருக்கே விட வேண்டும் என்பதுதான் சரி என்று நினைக்கிறோம். வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது செம்மஞ்சேரி என்பதால் இது பறவைகளுக்கான கோரிக்கை மட்டும் அல்ல. ஆனால் அந்த விவாதத்தின் இரு தரப்பிலும் கண்ணகி நகரின் பெயர் அரிதாகவே உச்சரிக்கப்பட்டது. பறவைகளின் பட்டியல் துல்லியமாக இருந்தது. குப்பை பிரித்தவர்களின் பட்டியல் எந்த மனுவிலும் நம் கண்ணில் படவில்லை.

பூங்கா என்றாலே எல்லாருக்குமானது என்று எடுத்துக்கொள்ள முடியாது. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தை நினைத்துப் பாருங்கள். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றோடு பொதுமக்கள் கூடும் இடங்களிலும் எந்த வகுப்பாரும் தடையின்றி நுழையலாம் என்று அது கேட்டது. சாலையில் நடக்கவே தீர்மானம் தேவைப்பட்ட நாடு இது. மூன்று ஆண்டு கழித்து, 1927 மார்ச் 20 அன்று, அம்பேத்கர் மகாடில் சவுதார் குளத்து நீரைக் கையில் அள்ளினார். பொதுக்குளம் என்று நகராட்சி 1924இலேயே திறந்துவிட்டிருந்த குளம்தான். தாளில் திறந்திருந்தது, படித்துறையில் மூடியிருந்தது. இன்றைய பூங்காக்களில் சாதிப் பலகை இல்லை. நுழைவுக் கட்டணம், முன்பதிவு, காவலாளியின் பார்வை ஆகியவை இருக்கின்றன. அடையாற்றுக் கழிமுகத்தில் கட்டட இடிபாடும் சாக்கடையும் நிரம்பிக் கிடந்த 58 ஏக்கரைச் சீராக்கி 2011இல் தொல்காப்பியப் பூங்கா திறந்தார்கள். மரமும் மீனும் பறவையும் திரும்பின. அந்த வேலையை மனமாரப் பாராட்டலாம். ஆனால் முன்கூட்டிப் பதிவு செய்து, வகுத்த நேரத்தில், குழுவாகத்தான் நுழைய முடியும் என்ற நிலையே பல ஆண்டுகள் நீடித்தது. அதற்குப் பக்கத்தில் அம்பேத்கர் மணிமண்டபம். அங்கே ஏப்ரல் 14க்கு வரும் கூட்டம் மதில் வழியாக அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

மகாடு நடந்த அதே 1927இல்தான் மும்பையின் தேவனார் குப்பைமேடு தொடங்குகிறது. ஒப்பிட வேண்டும் என்று ஒப்பிடவில்லை. ஆண்டுகள் தாமாகப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. ஏறத்தாழ நூறு ஆண்டு வயதுள்ள அந்த மேட்டைச் சுற்றி, கோவண்டியில், தலித்துகளும் முஸ்லிம்களும் வாழ்கிறார்கள். 2024இல் மராட்டிய அரசு தேவனாரில் சுமார் 124 ஏக்கரைத் தாராவி மறுகுடியமர்வுக்கு ஒதுக்கியது. தாராவியைக் கட்டியவர்களில் திருநெல்வேலியிலிருந்து போன நம் மக்கள், தோல் வேலை செய்தவர்கள், எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரியும். சேற்று நிலத்தை மேடாக்கி ஊராக்கியவர்களின் பேரப்பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு இப்போது காட்டப்படுவது குப்பைமேடு. மேட்டை அகற்றிவிட்டுத்தான் கட்டுவோம் என்கிறார்கள். மூடிய குப்பைக் கிடங்கில் பதினைந்து ஆண்டுக் கண்காணிப்புக்குப் பிறகு, வாயுவும் கசிவுநீரும் வரம்புக்குள் இருந்தால் மட்டுமே குடியிருப்பைப் பற்றி யோசிக்கலாம் என்று நம் விதிகளே சொல்கின்றன. அகற்றிய நிலத்துக்கும் அந்த நிதானத்தைக் கேட்பதில் தவறில்லை. கொழும்பில் மீத்தொட்டமுல்ல மேடு 2017 ஏப்ரல் 14 அன்று, சித்திரைப் புத்தாண்டு நாளில், சரிந்து 32 பேரை விழுங்கியது. அவர்கள் குப்பைக்கு அருகில் குடிவந்தவர்கள் அல்லர். குப்பைதான் அவர்களுக்கு அருகில் வந்தது.

எல்லாமே இருட்டு என்று சொல்ல வரவில்லை. தில்லியில் பழைய குப்பை நிலத்தின் மீது அமைந்த இந்திரப்பிரஸ்தா பூங்காவில் 2007இல் ஒரு சாந்தி ஸ்தூபி எழுந்தது. மாலையில் போனால் குடும்பங்கள் புல்லில் உட்கார்ந்திருக்கும்; கழித்துப் போட்டதன் மேல் புத்தர் அமர்ந்திருப்பதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. தென்கொரியாவின் சியோலில் நஞ்சிதோ என்றொரு தீவு. ஒரு காலத்தில் பூக்களுக்குப் பேர்போனது. 1978 முதல் 1993 வரை நகரத்தின் குப்பை முழுவதும் அங்கே கொட்டப்பட்டு, ஒன்பது கோடி டன்னுக்கு மேல், நூறு மீட்டர் அளவுக்கு இரண்டு குன்றுகளாக நின்றது. அதை அகற்றவில்லை, கசிவுநீர் வெளியேறாமல் சுற்றிலும் சுவர் இறக்கி, மேலே மண் போர்த்தி, வாயுவைக் குழாயில் எடுத்துச் சூடேற்றப் பயன்படுத்தினார்கள். 2002 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு முன் அது பூங்காவாயிற்று. ஆனால் இரண்டு குன்றுகளில் ஒன்றின் உச்சியில் கோல்ஃப் மைதானம் போட்டார்கள். நகர மக்கள் விடவில்லை. சில ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2008இல் அது எல்லாருக்குமான புல்வெளியாகத் திறக்கப்பட்டது. நாம் படிக்க வேண்டிய பகுதி அந்தக் கோல்ஃப் மைதானம்தான். இன்னொன்றையும் படிக்க வேண்டும்: பதினைந்து ஆண்டுகள் அந்த மேட்டின் மேலேயே குடியிருந்து குப்பை பிரித்த குடும்பங்கள். கோல்ஃப் மைதானம் திரும்பி வந்தது, அந்தக் குடியிருப்பு திரும்பி வரவில்லை.

கொடுங்கையூர் இப்போது அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பழைய குப்பையை அகற்றும் வேலை ஒருபுறம் நடக்கிறது. மறுபுறம் அதே வளாகத்தில் நாளொன்றுக்கு இரண்டாயிரம் டன்னுக்கு மேல் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைக்குத் திட்டம். 2025 மே மாதம் வடசென்னை மக்கள் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றது அதற்கு எதிராகத்தான். மேட்டைக் கரைத்துவிட்டுப் புகைபோக்கியை நட்டால் மக்களுக்கு மிச்சம் என்ன என்று கேட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. பெரும்பாலோர் தலித் பெண்கள். செய்தித்தாள்கள் இவை இரண்டையும் வெவ்வேறு பக்கங்களில் போட்டன. ஒன்று சுற்றுச்சூழல், மற்றது தொழிலாளர். மேடு எங்கே இருக்கும், அதை யார் அள்ளுவார், கரைந்த பிறகு அது யாருக்கு என்பது நமக்கு ஒரே வழக்கு.

ஆகவே மாணவத் தோழர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். கொடுங்கையூரில் மேடு இன்னும் முழுதாகக் கரையவில்லை. அது கரைவதற்குள் அந்த 250 ஏக்கரின் பழைய சர்வே எண்கள், மேய்க்கால் எது, நீர்நிலை எது, யார் பயிரிட்டார்கள் என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் வழி எடுங்கள். மேட்டில் குப்பை பிரித்த பெண்களைச் சந்தித்து, எந்த ஆண்டிலிருந்து, எந்தப் பக்கம், என்னென்ன பிரித்தார்கள், எந்த நோய் வந்தது, எந்தப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப முடியாமல் போனது என்று அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். பெயரை வெளியிட வேண்டுமா என்பதை அவர்களிடமே கேளுங்கள். பசுமைவெளி வருமானால் அங்கே தோட்ட வேலை, காவல் வேலை, நாற்றங்கால் ஆகியவை ஒப்பந்தக்காரருக்குப் போகாமல் நிரந்தரப் பணியாக அந்தக் குடும்பங்களுக்கே முதலில் வரவேண்டும் என்ற மனுவோடு அந்தப் பட்டியலை இணைக்க வேண்டும். ஜவ்வாது அடிவாரத்து ஊர்களில் இருப்பவர்கள் உங்கள் பேரூராட்சியில் தொடங்கலாம். மேடு சிறியது, பதிவேடும் மெலிந்தது, ஒரு கோடை விடுமுறைக்குள் முடியும். மலைமேல் இருக்கும் மலையாளிப் பழங்குடித் தோழர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே குப்பைக்கு இடம் தேடும் ஆய்வு வருமுன் கணக்கு தயாராக இருக்கட்டும். எடுத்த நகல்களை அடுத்த ஆண்டு இதே நாளில் இங்கே கொண்டு வாருங்கள், வாசிப்போம்.